ஓரிரு இடங்களில் பனிமூட்டம்

(தருமபுரியில் தை மாத மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வானிலை பற்றிப் பேசுகிறேன் என்றதும், என்னை அழைக்க வந்த தம்பி, "ஐயா, புயலைப் பத்திப் பேசுங்க, கூட்டம் சேரும்" என்றார். புயலைப் பற்றிப் பேச ஆளுக்கா பஞ்சம்? கார்த்திகை பிறந்தால் கையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் புயல் நிபுணர்கள்தான். நான் பேச வந்தது யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒரு வரியைப் பற்றி. தை மாதம் முழுக்க நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு ஏறக்குறைய அந்த ஒரு வரிதான்: தமிழகத்தில் வறண்ட வானிலை நிலவும், அதிகாலை வேளையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம் காணப்படும். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான். நேற்றைய தாளையே மறுபடி ஒட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும்.

ஆனால் இந்த மாவட்டத்தில் மாம்பூவின் கதியும், பட்டுப்புழுவின் கதியும், விடியற்காலையில் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியின் கதியும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன. அதை எப்படிப் படிப்பது, எதுவரை நம்புவது, அது சொல்லாமல் விடுவதை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் வானிலை ஆய்வாளன் அல்ல. பள்ளியில் புவியியல் நடத்தியவன். அதனால் சூத்திரம் எழுதி உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.

நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கனடாவில் டொரண்டோவைச் சுற்றி வாழ்கிறார்கள். ஜனவரி மாதத்தில் அவர்கள் வீட்டில் இரவுச் செய்தி, "இன்றிரவு லேசான பனிப்பொழிவு, 2 சென்டிமீட்டர்" என்று சொல்லும். அந்த 2 சென்டிமீட்டர் வெண்பனியை உருக்கினால் சுமார் 2 மில்லிமீட்டர் தண்ணீர் கிடைக்கும். நம் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் அது 'லேசான மழை'. ஆக, நம் ஊரில் லேசான மழை என்றுகூட மதிக்கப்படாத அளவுத் தண்ணீருக்காக அங்கே உப்பு வண்டி ரோட்டுக்கு வருகிறது, பிள்ளைகளின் பூட்ஸ் வாசலுக்கு வருகிறது, வேலைக்குப் போகிறவர் அரை மணி நேரம் முன்னதாகவே அலாரம் வைக்கிறார். லேசான பனி என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாத ஊர் அது. நாம் நம்முடைய லேசான பனியை அப்படி மதிக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

நமக்கு ஏன் வெண்பனி விழுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். குளிர் போதவில்லை என்போம். அது பாதி பதில்தான். நம் அட்சரேகையில் காற்று உறைநிலைக்குக் குளிர வேண்டுமானால் கடல் மட்டத்திலிருந்து நாலரை, ஐந்து கிலோமீட்டர் உயரம் போக வேண்டும். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இன்னும் இரண்டு கிலோமீட்டர் உயரம் தேவை. அப்படியானால் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறதே, அது என்ன? அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. தெளிந்த வானத்தின் கீழே தரை தன் சூட்டையெல்லாம் இரவு முழுக்க மேலே விட்டுவிட்டு உறைநிலைக்குப் போகிறது; காற்றில் இருக்கும் ஈரம் புல் நுனியிலேயே உறைகிறது. அதுதான் உறைபனி. அந்த நேரத்தில் மேகம் வந்தால் வெண்பனி பெய்யுமே என்றால், அதுதான் இல்லை. மேகம் வந்தால் அது போர்வை போர்த்தியதுபோல் தரையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர் போய்விடும். குளிர் இருக்கும் இரவில் மேகம் இல்லை. மேகம் இருக்கும் இரவில் அந்தக் குளிர் இல்லை. தமிழ்நாட்டில் வெண்பனிக்கு இடமில்லாமல் போனது இந்த இழுபறியில்தான்.

ஊட்டியைப் பற்றி இன்னொன்றும் கவனியுங்கள். காலையில் ரேடியோ, குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி என்று சொல்லும். அதே காலையில் பக்கத்திலுள்ள தலைக்குந்தாவில் புல் உறைந்து கிடக்கும். 4 டிகிரியில் எப்படித் தண்ணீர் உறையும்? யாரும் பொய் சொல்லவில்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையில் கிடப்பதில்லை. வெள்ளைச் சாயம் பூசிய மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கிறது. காற்று அசையாத தெளிந்த இரவில் தரைக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். செய்தியில் வரும் எண் பெட்டிக்குள் இருக்கும் காற்றினுடையது. செடி நிற்பது தரையில். இதை மனதில் வைத்துக்கொண்டால் முன்னறிவிப்பைப் படிப்பதில் பாதி தெளிவு வந்துவிடும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். விளக்கம் சொல்லப் புகுந்து பழமொழியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரவுக் குளிர் கூரையிலிருந்து இறங்குவதில்லை, தரையிலிருந்து கிளம்புகிறது என்பதைத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வடக்கே ஓசூர், பெங்களூர் பக்கம் மேட்டுநிலம் 900 மீட்டரைத் தொடுகிறது. கிழக்கே சித்தேரி மலை, பக்கத்திலேயே வத்தல்மலை. மேற்கே காவிரி ஓடும் ஒகேனக்கல் பள்ளம். ஊடே எங்கு பார்த்தாலும் கரடு, கரட்டடியில் ஏரி, ஏரிக்குக் கீழே தோட்டம். இப்படி மேடும் பள்ளமுமான பூமியில் 'தருமபுரி மாவட்டம், குறைந்தபட்சம் 17 டிகிரி' என்று ஒரே எண்ணைச் சொன்னால் அது யாருடைய எண்?

இரவில் என்ன நடக்கிறது பாருங்கள். சூரியன் விழுந்ததும் கரட்டுப் பாறையும் மேட்டாங்காடும் வேகமாகக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் மெல்ல இறங்கி, ஏரிக்கரையைத் தாண்டி, கீழே பள்ளத்துத் தோட்டத்தில் தேங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி என்றால் அங்கே ஈரத்துக்கும் குறைவில்லை. குளிர்ந்த காற்று, ஈரம், அசைவில்லாத இரவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மூட்டம் எழும்பும். அதே நேரத்தில் கரட்டின் நடுச்சரிவில் இருப்பவர் வீட்டு வாசலில் நின்று நட்சத்திரம் எண்ணலாம். அங்கிருந்து கீழே பார்த்தால் தோட்டமே தெரியாது. இரண்டுக்கும் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மேலே போகப்போகக் குளிரும் என்று பாடப்புத்தகம் சொல்வது உண்மைதான். வத்தல்மலை உச்சியில் காப்பியும் மிளகும் விளைகிற குளிர்ச்சி இருக்கிறது. நகரத்தைவிட மூன்று, நான்கு டிகிரி குறைவாகவே இருக்கும். ஆனால் காற்றில்லாத தை மாத இரவில், அடிவாரப் பள்ளத்தைவிட நடுச்சரிவு சூடாக இருப்பதும் உண்டு. காப்பித் தோட்டம் போடுகிறவர்கள் பள்ளத்தில் இளங்கன்றை வைக்கத் தயங்குவது இதனால்தான்.

அதனால்தான் ஆய்வு மையம் "ஓரிரு இடங்களில்" என்கிறது. பலர் இதைத் தப்பித்துக்கொள்ளும் பேச்சு என்று கேலி செய்கிறார்கள். "எங்கேயாவது பெய்யும்னு சொன்னா யாருக்குத்தான் தெரியாது?" என்று டீக்கடையில் சிரிக்கிறோம். அது கேலிக்குரிய சொல் அல்ல, அளவுள்ள சொல். ஒரு பகுதியில் இருக்கும் நிலையங்களில் கால் பங்கு வரை அந்த நிகழ்வு பதிவாகலாம் என்றால் 'ஓரிரு இடங்கள்'. கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் 'சில இடங்கள்'. பாதிக்கு மேல் முக்கால் வரை 'பல இடங்கள்'. அதற்கும் மேலே 'பெரும்பாலான இடங்கள்'. பனிமூட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் ஏட்டில் அது மூடுபனி. 200 மீட்டருக்குள் பார்வை சுருங்கினால் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. ஆக, "ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம்" என்றால், கால் பங்குக்கு மிகாத இடங்களில் பார்வை அரை கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை குறையலாம் என்று பொருள். அந்தக் கால் பங்கில் உங்கள் தோட்டம் இருக்கிறதா என்பதைச் சென்னை நுங்கம்பாக்கம் ஆய்வு மையத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏரிக்குக் கீழே இருக்கிறீர்களா, கரட்டின் மேல் இருக்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சொல்ல மறந்துவிடக் கூடாது: லாரி, பஸ் ஓட்டுகிற தம்பிகளுக்கு இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. 50 மீட்டர் பார்வையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, எதிரே இருப்பதைப் பார்த்து மூன்று விநாடியில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோபீம் போடுங்கள், அல்லது தாபாவில் ஒரு டீ சொல்லிவிட்டு வெயில் வரும்வரை உட்காருங்கள்.

பயிருக்கு வருகிறேன். நமக்கும் கிருஷ்ணகிரிக்கும் மா என்பது பெரிய பிழைப்பு. மா மரத்துக்குக் குளிர் எதிரி என்று நினைத்தால் தப்பு. இரவு குளிர்ந்தால்தான் மொட்டு கிளம்பும். பனியே இல்லாமல் மார்கழி கழிந்தால் மரம் துளிர் விட்டுக்கொண்டு நிற்கும், பூ வராது. ஆக, குளிர் வேண்டும், மூட்டம் வேண்டாம். குளிர்ந்த இரவும் ஈரமான காலையும் தொடர்ந்து வந்தால் பூங்கொத்தில் சாம்பல் பூசியதுபோல் வெள்ளையாகப் படரும். சாம்பல் நோய் அதுதான். கூடவே தத்துப்பூச்சி சேர்ந்தால் கொத்தின் கீழே நின்றாலே சட்டையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதன் மேல் கரும்பூசணம் ஏறும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. அதை எப்போது அடிப்பது என்பதில்தான் முன்னறிவிப்பு வேலை செய்கிறது. பனி நீர் சொட்டும்போது அடித்தால் மருந்து வழிந்து தரைக்குப் போகும். நன்றாக வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். பூ முழுக்க விரிந்து தேனீயும் ஈயும் மொய்க்கும் நேரத்தில் பூச்சிமருந்தைத் தொடக் கூடாது. மகரந்தம் சேர்ப்பதே அவைதான். பாலக்கோட்டுத் தக்காளிக்கும் இதே சங்கதி. இலை எத்தனை மணி நேரம் நனைந்தே இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் இலைக்கருகல் பரவும். இரவு பத்து மணிக்கே பனி இறங்கிவிட்டதா, விடியலில்தான் இறங்கியதா என்று பார்ப்பது வெட்டி வேலை அல்ல. மல்லி பற்றிச் சொல்லவே வேண்டாம். பனிக்காலத்தில் மொட்டு வரத்து சுருங்கும், பூ மார்க்கெட்டில் விலை மேலே ஏறும். கல்யாண வீட்டுக்காரர் திட்டுவது பூக்காரம்மாவை.

பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நம் மாவட்டத்தின் பட்டுக்கூடு அங்காடி தருமபுரி நகரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பனியை உண்மையில் அனுபவிப்பது நீங்கள்தான். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி சூடு வேண்டும், காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி சூடு. ஈரம் 70, 75 போதும். வெளியே 16 டிகிரி. அந்தக் குளிரில் வளர்ப்பு மனைக்குள் புழு இலையை விட்டு ஒதுங்கும், மந்தமாகும், தோல் உரிப்பது தள்ளிப்போகும். ஒரே படுக்கையில் ஒன்று உரித்துவிட்டு நிற்கும், இன்னொன்று உரிக்காமல் கிடக்கும். அடுத்த இலையை எப்போது போடுவது என்று தெரியாமல் விழிப்போம். குளிர் வராமல் இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் படுதாவைக் கட்டி மூடினால் புது வம்பு. எச்சமும் மிச்ச இலையும் ஈரத்தைக் கக்கும், காற்று வெளியேறாது. அந்தக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் புழு செத்து, வெளுத்து, சுண்ணாம்பு பூத்து விறைத்துப்போகிற நோய் வரும். பனிக்காலத்தில்தான் அது அதிகம். கரி அடுப்பை உள்ளே வைத்தால் புகை புழுவையும் கெடுக்கும், உள்ளே வேலை பார்க்கும் அம்மாவின் நெஞ்சையும் கெடுக்கும். புகையில்லாத ஹீட்டர் வைத்து, பகலில் வெயில் ஏறியதும் படுதாவைத் தூக்கிக் காற்றோட்டம் விட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூடுவதுதான் வழி. இதில் ஒவ்வொன்றும் இன்றிரவு எத்தனை டிகிரி என்பதைத் தெரிந்து செய்ய வேண்டியது. ஏட்டு விதிப்படி சமவெளியில் வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கி, இயல்பைவிட நாலரை டிகிரி குறைந்தால்தான் குளிர் அலை. நமக்கு அது வருவது அபூர்வம். அதனால் எச்சரிக்கையும் வராது. புழுவுக்கு அந்த விதி தெரியாது.

இனி 'அடுத்த ஏழு நாள்'. செல்போனில் ஏழு கட்டம் வரிசையாக வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சூரியன், ஒரு மேகம், இரண்டு எண். நாளைக்குச் சொன்ன எண்ணும் ஏழாம் நாளுக்குச் சொன்ன எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. என் ஆட்சேபமே அங்கேதான். இரண்டும் ஒன்றல்ல. எட்வர்ட் லோரென்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1963-இல் ஒரு கட்டுரையில் காட்டினார்: தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய அளவுப் பிழை, நாள் ஏற ஏற வளர்ந்து முழுக் கணிப்பையும் விழுங்கிவிடும். எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்வாரியாக வானிலை சொல்ல முடியாது என்பது அதிலிருந்து வந்த முடிவு. அந்த எல்லைக்குள் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் கணிப்பு நீண்டுகொண்டே வந்திருக்கிறது. பத்தாண்டு முன்பு மூன்று நாளுக்கு எவ்வளவு நம்பினோமோ, அவ்வளவு நம்பிக்கையை இன்று நான்காம் நாளுக்கு வைக்கலாம்.

ஆனால் கனடாக்காரருக்குக் கிடைக்கும் நம்பிக்கை நமக்குக் கிடைக்காது. அங்கே வானிலையை ஆள்வது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் அமைப்புகள். மேற்கிலிருந்து கிழக்காக நகர்கின்றன, நான்கு நாளுக்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. நம் வெப்பமண்டலத்தில் மழை திடீரென்று எழும் மேகக் கூட்டத்தால் வருகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு இல்லாத மேகம் ஐந்து மணிக்குக் கொட்டிவிட்டுப் போய்விடும். செய்தியில் அடிக்கடி கேட்பீர்களே, "கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்று! தை மாதத்தில் திடீரென்று தூறல் வந்து களத்தில் காயும் கேழ்வரகை நனைப்பது பெரும்பாலும் அதனால்தான். அது வங்கக்கடலில் உருவாவது இரண்டு மூன்று நாளுக்கு முன்புதான் தெளிவாகத் தெரியும்.

வடக்கோடும் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. மேற்கத்திய இடையூறு என்ற அமைப்பு காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் வெண்பனியைக் கொட்டிவிட்டுக் கடந்து போனதும், பின்னாலேயே வறண்ட குளிர்காற்று வட இந்தியச் சமவெளியில் இறங்கும். சில வருடம் அது தெலங்கானா, கர்நாடகம் தாண்டி ஓசூர் வழியாக நம்மையும் தொடும். காஷ்மீரின் குல்மார்க்கில் பனி என்று டிவியில் காட்டினால் சும்மா அழகு பார்க்காமல், தெலங்கானாவில் குளிர் இறங்குகிறதா என்று அடுத்த சில நாள் கவனித்து வாருங்கள். அங்கே இறங்கினால் மனைக்கு ஹீட்டரைத் துடைத்து வைக்கலாம்.

என் முறை இதுதான். முதல் இரண்டு நாள் கணிப்பை வைத்துக் காசு செலவழிக்கலாம்: மருந்தடிக்க ஆள் சொல்லலாம், களத்தில் கொட்டலாம். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை திட்டம் மட்டும் போடலாம், முன்பணம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு வரும் கட்டங்களில் எண்ணைப் பார்க்காதீர்கள். குளிர் கூடுமா குறையுமா என்ற போக்கை மட்டும் பாருங்கள். தினமும் காலையில் மறுபடி பாருங்கள். நேற்று ஐந்தாம் நாளுக்குச் சொன்னதும் இன்று அதே நாளுக்குச் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடுகிறது. தினம் ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தால் கணினிக்கே தெளிவில்லை என்று அர்த்தம்.

புயலைப் பற்றிப் பேச மாட்டேன் என்றேன். ஒன்றே ஒன்று சொல்ல அனுமதியுங்கள், அரூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எல்லோர் கண்ணும் கடற்கரை மேல் இருந்தது. கரை கடந்ததும் கதை முடிந்தது என்று நாம் டிவியை அணைத்தோம். அது வலுவிழந்து, மெல்ல ஊர்ந்து உள்ளே வந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். 2004 வரை ஊத்தங்கரையும் நம் மாவட்டம்தான். அரூரில் ஒரே நாளில் பெய்தது, நம் மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. கடல் எங்கே, அரூர் எங்கே! உள்மாவட்டத்துக்காரர்களான நாம் நம்மை வானிலைச் செய்தியின் வெளியூர்க்காரர்களாக நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை அன்றோடு விட்டிருக்க வேண்டும்.

நமக்கு வேண்டியது என்ன? நமக்கான கணிப்பு. அதற்கு வழி இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கியது. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' என்ற புதிய கணினி மாதிரியைக் கொண்டுவந்தது. முன்பு 12 கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக இருந்தது இப்போது 6 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. இதெல்லாம் நல்ல செய்தி. கூடவே ஒரு கெட்ட செய்தி: நாடு முழுக்க மாவட்ட அளவில் உழவர்களுக்கு வானிலை ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த 199 வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024-இல் மூடிவிட்டார்கள். கணினி கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம் பாஷையில், நம் பயிருக்குச் சொல்ல ஆள் வேண்டாமா? இது சரியான முடிவு அல்ல என்று நான் நினைக்கிறேன். விவசாய சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

6 கிலோமீட்டர் கட்டம் என்று பெருமையாகச் சொன்னேன். முன்பு சொன்ன ஏரித் தோட்டத்துக்கும் கரட்டுச் சரிவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். கட்டத்துக்குள் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். செல்போனில் 'உங்கள் ஊர் 16 டிகிரி' என்று வருவது பெரும்பாலும் அங்கே யாரும் அளந்தது அல்ல, கணக்குப் போட்டது. மிச்சமிருக்கும் தூரத்தை நாம்தான் அளக்க வேண்டும்.

அதற்கு ஒன்றும் பெரிய செலவு இல்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்றும் ஒரு மழைமானியும் பள்ளிக்கூடத்தில் இருந்தால் போதும். வெப்பமானியை வெயில் படாமல், காற்று போய்வரும் பெட்டிக்குள், நாலடி உயரத்தில் வையுங்கள். சுவரில் மாட்டாதீர்கள், சுவர் பகல் சூட்டை இரவில் கக்கும். பட்டுமனை வைத்திருப்பவர்கள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். ஒரு மாதம் எழுதிப் பார்த்தாலே செய்தியில் சொல்லும் எண்ணுக்கும் உங்கள் தோட்டத்து எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்பது பிடிபட்டுவிடும். தருமபுரி 17 என்றால் நமக்கு 14 என்று உங்கள் வீட்டுப் பிள்ளையே கணக்குச் சொல்வான். சென்னையில் கிழக்கிந்திய கம்பெனிக்காரர்கள் 1792-இல் வானாய்வுக்கூடம் கட்டி, அடுத்த சில வருடத்தில் தினசரி வானிலையை எழுத ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எழுதி வைத்ததால்தான் இன்று 'இயல்பை விட இரண்டு டிகிரி குறைவு' என்று ஒருவர் சொல்ல முடிகிறது. நம் ஊருக்கு இயல்பு எது என்று சொல்ல இன்னும் யாரும் எழுதத் தொடங்கவில்லை.

ஊராட்சித் தலைவர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வரும் கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: ஊராட்சிக்கு ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, காலை 8.30 மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் இருவர் பார்த்து எழுத வேண்டும். அந்த எண்ணை ரேஷன் கடைப் பலகையில், அரிசி இருப்புக்குப் பக்கத்தில் எழுதிப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் விடக் கூடாது.